குழந்தைகளுக்கு எதிரான குற்றமும் கருணை மனுவும்: கேள்வி பதில்

அரசு வழக்கறிஞராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குழந்தைகளைச் சீரழித்துத் தண்டனை பெற்றவர்களுக்கு அரசு கருணை காட்டி விடுதலை செய்யக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சில:

ஆயுள் தண்டனை என்றால் 14 வருடம்தானே சார்? (ஆசிரியை, திண்டுக்கல்)

இல்லை அம்மா, ஆயுள் என்றால் சாகும் வரைதான். மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்ற ஒருவரை அரசு சட்டப்படி முன்விடுதலை செய்ய நினைத்தால், அவர் அதற்கு முன் கட்டாயம் உள்ளே இருக்க வேண்டிய காலம்தான் 14 வருடம். அது முடிந்தாலும் பரிசீலனை மட்டுமே, விடுதலை உரிமை அல்ல. ஆனால் அரசியல் சாசனத்தின் 72-வது பிரிவில் குடியரசுத் தலைவருக்கும் 161-ல் ஆளுநருக்கும் கருணை மனுவின் பேரில் மன்னிக்கவோ தண்டனையைக் குறைக்கவோ உள்ள அதிகாரத்துக்கு இந்த வரம்பு கிடையாது. 'தண்டனைக் குறைப்பே கூடாது' என்று நீதிமன்றம் எழுதியிருந்தாலும் இந்த அதிகாரம் அப்படியே நிற்கும் என்று 2015-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. இருவரும் அமைச்சரவை சொல்படி நடப்பவர்கள். ஆக, பேனா அவர்கள் கையில், முடிவு ஆட்சியில் இருப்பவர்கள் கையில்.

சிறையில் ஒழுங்காக நடந்துகொண்டவருக்கு மறுவாய்ப்பு தரக் கூடாதா? (சமூகப் பணி மாணவர், சென்னை)

திருட்டு, அடிதடி, ஆத்திரத்தில் நடந்த கொலை என்றால் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் சிறைக்குள் குழந்தைகள் கிடையாதே, தம்பி. குழந்தைகளிடம் மட்டும் கை வைத்த ஒருவர் பத்து வருடம் சண்டை போடாமல் தறி நெய்தார் என்பதற்கு என்ன அர்த்தம்? வார்டர் எழுதும் 'நன்னடத்தை' நமக்குத் தேவையான கேள்விக்குப் பதில் சொல்வதே இல்லை.

அரசு அப்படியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடுமா என்ன? (வங்கி ஊழியர், கோவை)

பில்கிஸ் பானு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2002 குஜராத் கலவரத்தில் அவர் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். அவருடைய மூன்று வயது மகள் கொல்லப்பட்டாள். நியாயமாக விசாரணை நடக்க வேண்டும் என்று வழக்கை மும்பைக்கு மாற்றி, 2008-ல் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். 2022 ஆகஸ்ட் 15 அன்று குஜராத் அரசின் உத்தரவால் 11 குற்றவாளிகளும் கோத்ரா கிளைச் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். மாலை போட்டு, இனிப்பு ஊட்டி வரவேற்பு! மும்பை நீதிபதி கூடாது என்று எழுதியிருந்தார், சிபிஐயும் கூடாது என்றது. பில்கிஸை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இது 161-வது பிரிவு விடுதலை அல்ல, குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி தண்டனைக் குறைப்பு. விதிகள் உள்ள வழியிலேயே இந்த லட்சணம் என்றால், விதி அதிகம் இல்லாத கருணை மனு வழியில் என்னவெல்லாம் நடக்கும்? தண்டனை தந்தது மும்பை நீதிமன்றம் என்பதால் முடிவெடுக்கும் அதிகாரம் மகாராஷ்டிரத்துக்குத்தான் என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரி 8 அன்று அந்த உத்தரவை ரத்து செய்தது. எல்லோரும் திரும்பச் சிறைக்குப் போனார்கள். அதற்கும் பாதிக்கப்பட்டவர்தான் வழக்குப் போட வேண்டியிருந்தது.

நிதாரி வழக்கை மறந்துவிட்டீர்களா? தப்பான தீர்ப்புக்குக் கருணைதானே கடைசிப் பிடி? (வழக்கறிஞர், மதுரை)

மறக்கவில்லை, சகோதரரே. இருப்பதிலேயே கடினமான கேள்வி இதுதான். நொய்டா பக்கம் நிதாரியில் குழந்தைகளின் எலும்புகள் கிடைத்த வழக்கில் சுரிந்தர் கோலிக்குத் தூக்கு. 2014-ல் குடியரசுத் தலைவர் மனுவை நிராகரித்தார். கருணை மனுவில் ஏற்பட்ட தாமதத்தைக் காட்டி 2015-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாக்கியது. 2025 நவம்பரில், அவர் மீதிருந்த வழக்குகளில் கடைசி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அவரைக் குற்றவாளி அல்ல என்று விடுவித்தது. அப்போது உயிரோடு இருந்ததால்தான் அந்தத் தீர்ப்பு அவருக்குப் பயன்பட்டது.

அதனால் தூக்கை ஆயுளாகக் குறைப்பதை நான் எதிர்க்கவில்லை. சிறைக் கதவைத் திறப்பதைத்தான் எதிர்க்கிறேன். தீர்ப்பே தப்பு என்றால் அதை நீதிமன்றம் திருத்தட்டும், கோலி விஷயத்தில் அதுதான் நடந்தது. கோலாப்பூர் சகோதரிகளைப் பாருங்கள். 13 குழந்தைகளைக் கடத்தி, பலரைக் கொன்றவர்கள். கருணை மனுவை அரசு ஏழரை வருடத்துக்கு மேல் இழுத்தடித்ததால் 2022-ல் மும்பை உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாக்கியது. விடுதலையும் வேண்டும் என்று கேட்டார்கள், நீதிமன்றம் மறுத்துவிட்டது. நான் சொல்லும் கோடும் அதேதான்.

வெளிநாட்டில் எப்படி? (துபாயிலிருந்து)

ஹங்கேரியில் ஒரு குழந்தைகள் இல்லத்தின் இயக்குநர் பிள்ளைகளிடம் அத்துமீறினார். அதை மூடிமறைக்க உதவித் தண்டனை பெற்ற துணை இயக்குநருக்கு 2023-ல் மன்னிப்பு கிடைத்தது. போப்பாண்டவர் வருகையை ஒட்டிக் கொடுத்த மன்னிப்பு அது. சத்தமில்லாமல் நடந்தது, 2024 பிப்ரவரியில் பத்திரிகையில் வெளிவந்தது. பத்து நாள்கூடத் தாங்கவில்லை, மன்னிப்பு கொடுத்த குடியரசுத் தலைவர் கதலின் நோவாக் பதவி விலகினார். இங்கே யார் விலகியிருக்கிறார்கள்?

எங்கள் குடும்பத்திலேயே இப்படி ஒரு வழக்கு. அவனை விட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம் ஐயா? (பெயர், ஊர் வேண்டாம் என்றவர்)

சிறைக் கண்காணிப்பாளருக்கும் உள்துறைச் செயலாளருக்கும் இப்போதே விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) எழுதுங்கள்: 'முன்விடுதலையோ கருணை மனுவோ பரிசீலனைக்கு வந்தால் எங்களையும் கேட்க வேண்டும்.' வழக்கு எண், தீர்ப்புத் தேதி, கைதி எண் தெரிந்தால் அதுவும் இருக்கட்டும். அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவு வந்துவிட்டாலும் உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசு உத்தரவை எதிர்க்கும் மனு) போடலாம், கருணை உத்தரவும் நீதிமன்றப் பரிசீலனைக்கு உட்பட்டதுதான். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். கட்டணம் கிடையாது.