வாசகர் கேள்வி: கரன்ட் பில் முதல் தெரு ரோடு வரை

சென்னைப் புறநகரில் குடியிருக்கும் வாசகர் ஒருவர் நான்கு முழுத்தாளில், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதி அனுப்பியிருக்கிறார். சொந்த ஊர் நெல்லைப் பக்கம். "எதைத் தொட்டாலும் சுடுகிறது, யாரிடம் போய்ச் சொல்வது?" என்று தொடங்குகிறது கடிதம். அதிலுள்ள கேள்விகளைப் பிரித்து எடுத்து, இந்த இதழ் முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம். இதே கேள்விகளோடு இன்னும் பலர் இருப்பார்கள்.

போன தடவை 500 யூனிட், இந்தத் தடவை 510 யூனிட். கூடியது பத்தே யூனிட். பில் மட்டும் முன்னூறு ரூபாய்க்கு மேல் ஏறிவிட்டது. மீட்டரில் கோளாறா?

மீட்டரைச் சந்தேகப்படுவதற்கு முன் கட்டண வரிசையைப் பார்த்துவிடுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் 500 யூனிட் என்பது ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் வேறு கணக்கு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துப் போட்டுக் காட்டுகிறோம். அதற்குப் பிறகு விலை மாறியிருந்தாலும் கணக்கின் சூட்சுமம் இதுதான்.

500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு ரூ.2.25, அதற்கடுத்த 200-க்கு ரூ.4.50, கடைசி 100-க்கு ரூ.6. மொத்தம் ரூ.1,725. 510 ஆகிவிட்டால் 101 முதல் 400 வரை எல்லாமே ரூ.4.50 ஆகிவிடும். அதாவது 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடும். 1,350-ம் 600-ம், மேலே உள்ள பத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் 80-ம் சேர்த்தால் ரூ.2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய் கூடியதன் காரணம் இதுதான். இதில் 225 ரூபாய் கைவிட்டுப் போன சலுகை.

அதனால் ரீடிங் எடுக்கும் தேதி முக்கியம். நாளைக்கு 8 யூனிட் செலவாகும் வீட்டில் 60-வது நாள் எடுத்தால் 480, 66-வது நாள் எடுத்தால் 528. ரீடிங் எடுத்த நாளிலிருந்து எண்ணி, 60-வது நாள் காலையில் மீட்டரின் எண்ணை செல்போனில் படமெடுத்து வையுங்கள். எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். ஆள் தாமதமாக வந்து, அதனால் கோடு தாண்டியிருந்தால் அந்தப் படத்தோடு பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு வந்தால் அடுத்த கட்டத்துக்குப் போக உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. அடுத்த கட்டம் உங்கள் மின் பகிர்மான வட்டத்திலுள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேலே மின்குறை தீர்ப்பாளர்.

இனி மீட்டர். சோதனையை நீங்களே செய்யலாம். டிஜிட்டல் மீட்டரின் முகத்தில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருப்பார்கள். பல மீட்டர்களில் அது 3200. முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பாருங்கள். விளக்கு துடிக்கவே கூடாது. துடித்தால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே யாரோ கரன்ட் எடுக்கிறார்கள், அல்லது மீட்டரே பழுது. பிறகு மெயினைப் போட்டு, வீட்டிலுள்ள எல்லா சுவிட்சையும் அணைத்து, பிளக்குகளையும் உருவிவிட்டுப் பாருங்கள். இப்போது துடித்தால் ஒயரிங்கில் கசிவு இருக்கலாம். பெரும்பாலும் மாட்டுவது இன்வெர்ட்டர்தான். பேட்டரிக்கு வயதாகிவிட்டால் அது எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் நிறையாமல் நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது சோதனைக்கு, தண்ணீர் நிரம்பிய வாளியில் 1500 வாட் ஹீட்டர் ராடைப் போட்டு, அதை மட்டும் ஓட விடுங்கள் (ஓடும்போது தண்ணீரைத் தொடக் கூடாது, குழந்தைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது). 3200 துடிப்பு மீட்டராக இருந்தால் நிமிடத்துக்கு 80 துடிப்பு வர வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் ராடும் குறைவாகத்தான் இழுக்கும். 210 வோல்ட் வந்தால் 67 வரைக்கும் இறங்கலாம், 240 வந்தால் 87 வரைக்கும் ஏறலாம். அதற்குள் இருந்தால் மீட்டர் மேல் பழி போடாதீர்கள். நூறைத் தாண்டினால் மீட்டரைச் சோதிக்கக் கேட்டு, எழுத்து மூலம் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டுங்கள். இதற்கு இஸ்திரிப் பெட்டியை வைத்து எண்ணாதீர்கள். சூடேறியதும் அது தானாக நின்று நின்று ஓடும், கணக்கு தப்பிவிடும்.

கோட்டுக்குள் நிற்க ஒரே ஒரு காரியம் செய்ய முடியும் என்றால் மின்விசிறியை மாற்றுங்கள். பழைய விசிறி 75 வாட், பி.எல்.டி.சி. விசிறி (பிரஷ் இல்லாத புதுவகை மோட்டார் உள்ளது) 30 வாட் அளவு. நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் 60 நாளில் பழையதற்கு 67 யூனிட், புதியதற்கு 27. மூன்று விசிறியை மாற்றினால் 120 யூனிட் மிச்சம். ஒவ்வொன்றாக மாற்றினாலும் போதும், கூடத்தில் ஓடுவதை முதலில் மாற்றுங்கள்.

சிலிண்டர் முன்பு நாற்பத்தைந்து நாள் வந்தது. இப்போது முப்பத்தைந்து நாள்கூட வருவதில்லை. கொண்டுவருபவர் கையில் தனியாகப் பணமும் கேட்கிறார்.

வாங்கும் இடத்திலேயே எடை போடுங்கள். வீட்டுச் சிலிண்டரில் காஸ் 14.2 கிலோ. கழுத்தைச் சுற்றியுள்ள தகட்டில் காலிச் சிலிண்டரின் எடை பொறித்திருக்கும். அது 15.9 என்றால் மொத்தம் 30.1 கிலோ இருக்க வேண்டும். 150 கிராம் முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் குறைந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். தொங்கு தராசு கொண்டுவருவது விநியோகிப்பவரின் பொறுப்பு. "எடை போட்டுக் கொடுங்க தம்பி" என்று நிதானமாகக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதே தகட்டுப் பக்கம் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். சிலிண்டரை அடுத்துச் சோதிக்க வேண்டிய காலக்கெடு அது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி, டி என்று அப்படியே போகும். இலக்கம் ஆண்டு. அந்தக் காலக்கெடு கடந்த சிலிண்டரை வீட்டுக்குள் எடுக்காதீர்கள்.

பில்லிலுள்ள தொகையில் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கூலியும் அடக்கம். மாடி வீடாக இருந்தாலும் அதேதான். மனமுவந்து கொடுப்பது உங்கள் விருப்பம், கேட்டு வாங்குவது முறையில்லை. எடை சரியாக இருந்தும் சீக்கிரம் தீர்ந்தால் அடுப்பைப் பாருங்கள். ஜுவாலை மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னரின் துளைகள் அடைத்திருக்கின்றன. அவற்றை ஊசியால் குத்தி, கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ரப்பர் குழாயை ஐந்து வருடத்துக்கொரு முறை மாற்ற வேண்டும். கசிவு வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட் கிடைப்பதே இல்லை. எட்டு மணிக்குத் திறக்கிறது, எட்டு இரண்டுக்கு வெயிட்டிங் லிஸ்ட்.

நாளை எண்ணுவதில்தான் பலர் தவறவிடுகிறார்கள். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். ஜனவரி 13 அன்று கிளம்ப நவம்பர் 14 காலை எட்டு மணி. நாள்காட்டியில் இப்போதே வட்டம் போட்டு வையுங்கள், திரும்பி வரும் நாளுக்கும் சேர்த்து.

ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தத்காலுக்கு அது கட்டாயம். அதே ஆண்டு அக்டோபரிலிருந்து சாதாரண முன்பதிவும் திறக்கும் முதல் 15 நிமிடம் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டும் என்று ஆனது, பிறகு அந்த நேரம் இன்னும் நீண்டது. பணம் கட்டும்போது வங்கி ஓ.டி.பி.க்குக் காத்திருக்கும் அரை நிமிடத்தில்தான் படுக்கை போகும். இ-வாலட்டில் முதலிலேயே பணம் போட்டு வைத்தால் அந்தக் காத்திருப்பு மிச்சம்.

வெயிட்டிங் லிஸ்டிலும் வகை உண்டு. ஜி.என். என்று தொடங்குவது பொது ஒதுக்கீடு, அது நகரும். பி.க்யூ. என்பது நடுவழி நிலையங்களுக்குச் சேர்த்து வைத்திருக்கும் சின்ன ஒதுக்கீடு, அது லேசில் நகராது. விழுப்புரத்தில் ஏறி கோவில்பட்டியில் இறங்குபவருக்கு இந்த இரண்டாவது வகை வந்து சேரும். கட்டண வித்தியாசம் சிறிதாக இருந்தால் வண்டி புறப்படும் ஊரிலிருந்து போய்ச் சேரும் ஊர் வரை டிக்கெட் எடுத்து, ஏறும் நிலையத்தை மட்டும் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். மாற்றாமல் நடுவில் ஏறினால் உங்கள் படுக்கை வேறொருவருக்குப் போயிருக்கலாம்.

தத்கால் பயணத்துக்கு முந்தின நாள் திறக்கும். ஏசிக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொன்று. முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகளுக்கு அனுமதி இல்லை. உறுதியான தத்கால் டிக்கெட்டை ரத்து செய்தால் பைசா திரும்பாது. ஆனால் வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் போகவில்லை என்றால் முழுப் பணமும் வரும். அதற்கு வண்டி உங்கள் நிலையத்திலிருந்து புறப்படுவதற்கு முன்பே டி.டி.ஆர். (பணத்தைத் திரும்பக் கேட்கும் மனு) பதிய வேண்டும். வீட்டுக்குத் திரும்பி ஆற அமரப் பதிந்தால் தள்ளுபடிதான். வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடு ஸ்லீப்பரில் ஏறி உட்கார்ந்துவிடலாம் என்ற பழைய பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அபராதம் போட்டு இறக்கிவிடுவார்கள்.

பிஸ்கட் பாக்கெட் விலை அதேதான், உள்ளே இருப்பது குறைந்துகொண்டே போகிறதே?

பாக்கெட்டில் அதிகபட்ச விலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு என்ன விலை என்பதும் அச்சிட்டிருக்கும். அந்தச் சிறிய எண்ணைப் பாருங்கள். இரண்டு நிறுவனப் பொருளை ஒப்பிடவும், "பெரிய பாக்கெட் லாபம்" என்பது உண்மையா என்று பார்க்கவும் அது ஒன்றே போதும். குளிரூட்டியதற்கு என்று அதிகபட்ச விலைக்கு மேல் வாங்கினால் பில்லோடு 1915-ல் புகார் செய்யலாம்.

எங்கள் தெரு ரோடு ஒரே மழையில் பெயர்ந்துவிட்டது. தேர்தலுக்குத்தான் முகத்தைக் காட்டுகிறார்கள். கேட்டால் "பார்க்கிறோம்" என்கிறார்கள். இவர்களிடம் என்ன கேட்பது?

"ஏன் ரோடு இப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். அதற்கு எந்த அதிகாரியும் பதில் எழுத மாட்டார், தகவல் உரிமைச் சட்டத்தில் அப்படிக் கேட்டால் மனு செத்துவிடும். இந்தச் சட்டம் 2005-ல் வந்தது. அலுவலகத்திலுள்ள காகிதத்தைத்தான் அது உங்கள் கைக்குக் கொண்டுவரும். எனவே காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: தெருப் பெயர், எந்த வீட்டு எண்ணிலிருந்து எது வரை, எந்த நிதியாண்டு என்று குறிப்பிட்டு, அந்தப் பணியின் மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவுப் புத்தகத்தின் நகல், ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்த பட்டியல், குறைபாடு தோன்றினால் ஒப்பந்ததாரரே சரிசெய்து தர வேண்டிய காலம் எதுவரை என்று சொல்லும் பக்கம்.

இதில் அளவுப் புத்தகம்தான் உயிர்நாடி. பொறியாளர் நேரில் அளந்து ரோட்டின் நீளம், அகலம், கனம் எழுதிக் கையெழுத்திட்டால்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம் போகும். நகல் வந்ததும், பெயர்ந்து கிடக்கும் ஓரத்தில் ஸ்கேலை வைத்து அளந்து, எண் தெரியும்படி படமெடுங்கள். புத்தகத்தில் 30 மில்லிமீட்டர், தெருவில் 15 என்றால் அதற்குப் பிறகு உங்கள் பேச்சை "பார்க்கிறோம்" என்று சொல்லித் தட்டிவிட முடியாது. குறைபாட்டுக் காலம் இன்னும் முடியவில்லை என்றால் செலவில்லாமல் ஒப்பந்ததாரரையே போட வைக்கச் சொல்லி மனு கொடுங்கள். "நிதி இல்லை" என்ற பதிலுக்கு அங்கே இடமே இல்லை.

மனுவை வெள்ளைத்தாளில் "பொதுத் தகவல் அலுவலர்" என்று பெயரிட்டு எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் ஐந்து நாளில் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். முப்பது நாளில் பதில் வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அங்கும் தீரவில்லை என்றால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் நாள் பிடிக்கும். ஆனால் பல மனுக்கள் சறுக்குவது முதல் மேல்முறையீட்டின் நாள் கணக்கில்தான். மனு போட்ட அன்றே முப்பதாவது நாளையும் அறுபதாவது நாளையும் நாள்காட்டியில் குறித்துவிடுங்கள்.

மனுவில் பக்கத்து வீட்டுக்காரர்களின் கையெழுத்தை வாங்கிச் சேர்க்க வேண்டாம், தகவல் மனு ஒருவர் பெயரிலேயே போகட்டும். கையெழுத்துகள் வேண்டியது அடுத்த கட்டத்தில், அளவுப் புத்தகத்தையும் ஸ்கேல் படத்தையும் இணைத்து திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவில். அதில் தெருவே கையெழுத்துப் போடட்டும்.