மருத்துவர் பதில்: பல் டாக்டர் என்றாலே நடுங்கும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. கீழ்க் கடைவாயில் ஒரு பல் ஆழமாகச் சொத்தையாகிவிட்டது. மேலே இரண்டு பற்களில் சின்னதாகக் கறுப்பு தெரிகிறது. மூன்று மாதங்களுக்கு முன் ஒரு கிளினிக்கில் காட்டினோம். "ஊசியெல்லாம் கிடையாது, சும்மா பார்ப்பாங்க" என்று சொல்லித்தான் கூட்டிப் போனேன். அங்கே இரண்டு பேர் கை காலைப் பிடித்துக்கொள்ள, ஊசி போட்டார்கள். அவன் அழுத அழுகையில் வேலையும் முடியவில்லை. அன்றிலிருந்து வெள்ளைக் கோட்டைக் கண்டாலே நடுங்குகிறான். பிரஷ்ஷைக்கூட வாயில் வைக்க விடுவதில்லை. போன வாரம் இரண்டு இரவு பல் வலியால் எழுந்து அழுதான். "விழுந்து முளைக்கிற பல்தானே, விட்டுடு" என்கிறார் மாமியார். "இறுக்கிப் பிடித்து ஒரே நாளில் முடித்துவிடலாம்" என்கிறார் கணவர். முழு மயக்கம் கொடுத்துச் செய்யலாமா?
— ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கன்னமோ தாடையோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாயைத் திறக்கவோ விழுங்கவோ சிரமப்பட்டால், பயம் தெளியட்டும் என்று ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூச்சு விடத் திணறினாலோ கண்ணைச் சுற்றி வீங்கினாலோ நேராக அவசரப் பிரிவுக்கு. அப்படி எதுவும் இல்லையென்றால் நமக்குச் சில நாள் அவகாசம் இருக்கிறது. ஆனால் மாதக் கணக்கில் இல்லை. இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி வந்துவிட்டதால், சொத்தை பல்லின் நரம்புவரை போயிருக்கலாம்.

உங்கள் மாமியார் சொல்வது முன்பல்லுக்கு ஓரளவு பொருந்தும். கீழ்க் கடைவாய்ப் பால் பல்லின் கதை வேறு. அது விழ 10 முதல் 12 வயதுவரை ஆகும். இன்னும் ஐந்தாறு வருடம் அவன் அதில்தான் மெல்ல வேண்டும். முன்கூட்டியே பிடுங்கினால், அதற்குப் பின்னால் ஆறு வயதில் முளைக்கும் நிலைப்பல் முன்னால் சாய்ந்து, அடியிலிருந்து வர வேண்டிய பல்லின் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்க இடம் காக்கும் கம்பி ஒன்று போட வேண்டிவரும்.

இனி அவன் பயத்துக்கு வருகிறேன். உங்கள் மகன் அடம்பிடிக்கிற பிள்ளை இல்லை. ஊசி இல்லை என்று நம்பிப் போனான், ஊசி போட்டார்கள், நகரவிடாமல் பிடித்துக்கொண்டார்கள். அங்கே போனால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நடுக்கம் அனுபவத்தில் பிறந்தது, அதட்டலில் போகாது. வேறு அனுபவம் கிடைத்தால்தான் போகும்.

அதனால் கணவரிடம் அன்போடு சொல்லுங்கள், இறுக்கிப் பிடித்து முடிக்கும் வழி வேண்டாம். அன்றைக்கு அந்த ஒரு பல் முடியலாம். அடுத்த பல்லுக்கு அவனை வாசல்படி ஏற்ற முடியாது. பல் டாக்டரிடம் போகாமலே வலியைத் தாங்கிக்கொண்டு, கடைசியில் பல்லை இழந்து வருகிற பெரியவர்கள் பலரிடம் விசாரித்தால், சிறுவயதில் இப்படி ஒரு நாள் இருந்திருக்கும். ஒரு காலத்தில் அழும் குழந்தையின் வாயைக் கையால் பொத்தி அடக்குவதையும் பல் மருத்துவத்தில் ஒரு முறையாகவே கற்பித்தார்கள். அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாதமி 2006-ல் அதைத் தன் வழிகாட்டலிலிருந்து நீக்கிவிட்டது.

நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை வீட்டில் இருக்கிறது. "அன்னிக்கு ஊசி இல்லன்னு அம்மா சொன்னேன், ஆனா போட்டாங்க. உனக்கு ரொம்ப பயமா இருந்திருக்கும். இனிமே என்ன செய்யப் போறாங்கன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வாங்க" என்று சொல்லுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகப் புரியும். பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றுகிற மருத்துவரைத் தேடுங்கள். "ஊசி போடுவாங்களா?" என்று அவன் கேட்டால் இல்லை என்று சொல்லாதீர்கள். "எனக்குத் தெரியல, டாக்டர்கிட்டயே கேட்போம்" என்பது போதும். "வலிக்கவே வலிக்காது" என்றும் வேண்டாம். அவன் காதில் விழுவது வலி என்ற சொல் மட்டும்தான். "சாப்பிடலன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று மிரட்டுவதை வீட்டில் எல்லாருமே நிறுத்த வேண்டும், தாத்தா பாட்டி உட்பட.

குழந்தைகள் பல் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவராகப் பாருங்கள். மதுரை உங்களுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். போகும் முன் போனிலேயே நடந்ததை முழுக்கச் சொல்லி, மூன்று விஷயம் கேளுங்கள்: முதல் நாள் சிகிச்சை இல்லாமல் பழக்கப்படுத்த மட்டும் நேரம் தருவார்களா, நீங்கள் பக்கத்தில் இருக்கலாமா, பதற்றத்தைத் தணிக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு வசதி இருக்கிறதா. காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். தூக்கக் கலக்கத்திலும் பசியிலும் இருக்கும் பிள்ளைக்கு எந்தப் பொறுமையும் இருக்காது.

முதல் நாள் அவன் நாற்காலியில் ஏறி இறங்கினாலே வெற்றி. சொல்லி, காட்டி, பிறகு செய்வது என்ற முறை 1959-லிருந்து பல் மருத்துவத்தில் இருக்கிறது. காற்று ஊதும் குழாயை முதலில் பிள்ளையின் உள்ளங்கையில் ஊதிக் காட்டுவார்கள், பிறகு நகத்தில், பிறகுதான் பல்லில். இதோடு நான் மிகவும் நம்புவது இன்னொன்று. "நிறுத்தணும்னா கையைத் தூக்கு" என்று பிள்ளையிடம் சொல்வோம். அவன் சோதித்துப் பார்க்கத் தூக்குவான். நிஜமாகவே நிறுத்த வேண்டும். நிறுத்தினார்கள் என்று கண்டுகொண்ட பிள்ளை அதன் பிறகு அபூர்வமாகத்தான் கையைத் தூக்கும். நீங்கள் காலருகே உட்கார்ந்து பாதத்தைத் தொட்டுக்கொண்டிருங்கள். பேசுவது மருத்துவர் ஒருவராக இருக்கட்டும். மூன்று பேர் ஒரே நேரத்தில் "வாயைத் தொற, வாயைத் தொற" என்றால் பிள்ளை மிரண்டுவிடும்.

மேலே உள்ள இரண்டு சின்னச் சொத்தைகளுக்கு ஊசியும் வேண்டாம், துளைக்கும் கருவியும் வேண்டாம். 38% சில்வர் டயமைன் ஃபுளூரைடு என்ற திரவத்தைத் தொட்டு வைத்தால் சொத்தை பரவுவது பெரும்பாலும் நின்றுவிடும். அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துப்போகும். கடைவாய்ப் பல் என்றால் அது யார் கண்ணிலும் படாது. கொஞ்சம் பெரிய சொத்தையாக இருந்தால், எஃகு உறையைச் சிமென்ட் வைத்துப் பல் மேல் அழுத்திப் பொருத்தும் ஹால் முறை இருக்கிறது. இதிலும் பல்லைக் குடைவதில்லை. மருத்துவர் சம்மதித்தால் இவற்றை முதலில் முடிக்கச் சொல்லுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தும் ஒன்றும் ஆகவில்லை என்ற நினைவு அவனுக்கு வேண்டும்.

வலிக்கும் பல்லுக்கு இந்த வழிகள் போதாது. எக்ஸ்ரே பார்த்து, பால் பல்லுக்கான நரம்புச் சிகிச்சையோ பிடுங்குவதோ முடிவாகும். இரண்டுக்கும் மரத்துப்போக ஊசி வேண்டும். ஈறைத் துடைத்து மரப்பு ஜெல் தடவி ஓரிரு நிமிடம் பொறுத்து, மெதுவாகச் செலுத்தினால் குத்தும் உணர்வு வெகுவாகக் குறையும். பதற்றத்துக்குத்தான் நைட்ரஸ் ஆக்சைடு. 1844-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹொரஸ் வெல்ஸ் இதே வாயுவை முகர்ந்து தன் பல்லையே பிடுங்க வைத்துக்கொண்டார். இன்று ஆக்சிஜனோடு கலந்து மூக்கு மூடி வழியாகக் கொடுக்கிறோம். பிள்ளை விழித்திருக்கும், பேசும், பதற்றம் மட்டும் தணிந்திருக்கும். முடிந்ததும் சில நிமிடம் ஆக்சிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும். மூக்கடைப்பு இருக்கும் நாளில் பயன்படாது. மூடியை வைத்துக்கொள்ளப் பிள்ளை சம்மதிக்க வேண்டும் என்பதால் முந்தைய நாட்களிலேயே அதைக் காட்டிப் பழக்குவார்கள்.

முழு மயக்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிறையப் பற்கள் கெட்டிருந்தால், பிள்ளை மிகச் சிறியதாக இருந்தால், அல்லது எந்த வழிக்கும் ஒத்துவராமல் தொற்று முற்றினால், மயக்க மருந்து நிபுணர் உள்ள மருத்துவமனையில் அது நல்ல வழியே. ஒரு பல்லுக்காக முதலிலேயே அங்கே போக நான் சொல்லமாட்டேன். பல் சரியாகும், பயம் அப்படியே இருக்கும்.

அதுவரை வலித்தால் குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் கொடுங்கள். அளவை உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் கூடாது. கிராம்புத் தைலத்தை ஈறில் ஊற்றாதீர்கள், புண்ணாகிவிடும். பிரஷ்ஷை அவன் கையிலேயே கொடுத்து முதலில் உங்கள் பல்லைத் தேய்க்கச் சொல்லுங்கள். பிறகு அவன் பல்லை நீங்கள் எண்ணிக்கொண்டே தேய்க்கலாம். பட்டாணி அளவு ஃபுளூரைடு பேஸ்ட் போதும். ஊசி போட்ட நாளில் மரப்பு தெளிய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை அவன் உதட்டைக் கடித்துக்கொள்ளாதபடி பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள், எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள்.

இன்னும் ஒரு வருடத்தில் அவனுக்கு முதல் நிலைக் கடைவாய்ப் பல் எட்டிப் பார்க்கும். அதன் பள்ளங்களில் சீலன்ட் என்ற பாதுகாப்புப் பூச்சைப் பூசிவிட்டால் சொத்தை வருவது வெகுவாகக் குறையும், இதற்கும் ஊசி கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வலி எதுவும் இல்லாதபோதே, அதே மருத்துவரிடம் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.