ஓடாத ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு ஒன்றரை லட்சம் தகுமா?

ஷெட்டில் ஓடாமல் நிற்கும் 1968 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார்கள், தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். இதே மாடல் நன்றாக ஓடும் நிலையில் இன்று என்ன விலைக்குக் கைமாறுகிறதோ, அதில் டிங்கரிங், பெயிண்டிங், இன்ஜின், சீட் வேலைச் செலவைக் கழியுங்கள். மெக்கானிக் சொல்லும் தொகையோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வது என் வழக்கம். மிஞ்சுவதுதான் வண்டியின் விலை.

இன்ஜினைப் பார்த்து மயங்காதீர்கள், அது சரிசெய்யக்கூடியது. விலையைத் தீர்மானிப்பது துருதான். ஹெரால்டில் பாடி தனி, அதைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸ் தனி. முன்பக்கம் முழுவதையும் அப்படியே தூக்கித் திறக்கலாம், அதனால் சேசிஸின் முன்பகுதி கண்ணுக்கு நேராகத் தெரியும். அப்புறம் கீழே படுத்து, சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் இரும்புக் கைகளை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீரென்றால் நல்ல இரும்பு. பொத்தென்றால் உள்ளே அரித்துவிட்டது. கதவின் அடிப்பகுதியில் துணி சுற்றிய காந்தத்தை வையுங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது இரும்பல்ல, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டி.

சின்ன உதிரிகளையும் பாருங்கள். சென்னையில் தயாரான வண்டி என்றாலும், விளக்குக் கண்ணாடி, குரோம் பட்டை, மீட்டர் எல்லாம் காணாமல் போயிருந்தால் தேடி அலைய வேண்டும்.

ஆர்.சி.யில் உள்ள இன்ஜின், சேசிஸ் எண்கள் வண்டியோடு பொருந்தாவிட்டால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பொருந்தினால், ஐம்பது வயது தாண்டிய இந்த வண்டிக்கு 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு, அதாவது பழங்கால வண்டிக்கான தனிப் பதிவு, கேட்கலாம். ஆனால் அதில் தினசரி ஓட்ட அனுமதி இல்லை.