டியூக் கேட்ட மன்னிப்பு – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நான் வங்கியில் வேலை செய்கிறேன். வயது நாற்பத்திரண்டு. இப்படியொரு விஷயத்துக்காக உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு முதலில் மன்னிக்கவும். தினமும் ரயிலில் போக வர இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் போனில் ஆங்கில சரித்திரக் காதல் நாவல்கள் படிப்பேன். ரீஜென்சி காலம் என்பார்களே, அது. குடி, சூது, பெண்கள் என்று பெயர் கெட்டுப்போன ஒரு டியூக், வாய்த்துடுக்கான ஏழைப் பாதிரியார் மகள் ஒருத்தி, கடைசியில் கல்யாணம். இலக்கியம் இல்லை என்று தெரியும், மன்னிக்கவும்.

ஆறு மாதமாக அதில் ஒன்றை எனக்காக மட்டும் தமிழில் மொழிபெயர்த்து வருகிறேன். டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்ற பட்டங்களை எப்படி எழுதுவது? கோமகன், சீமான் என்று போட்டால் எனக்கே சிரிப்பு வருகிறது. பேசாமல் கதையை ஒரு ஜமீனுக்கு மாற்றிவிடலாமா? என் தோழி, கெட்டவனைக் காதல் திருத்திவிடும் என்று நம்பவைக்கிற நஞ்சு இது, போதாக்குறைக்கு இந்தப் பிரபுக்கள் அடிமைகளின் உழைப்பில் கொழுத்தவர்கள் என்கிறாள். அவள் சொல்வது சரியா?

இப்போது பதினேழாம் அத்தியாயத்தில் நிற்கிறேன். டியூக் அவளிடம் மன்னிப்புக் கேட்கும் இடம். மூன்று வாரமாக ஒரு வரி நகரவில்லை. எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும். நீளமாகிவிட்டதற்கும் மன்னிக்கவும்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதத்தில் நான்கு 'மன்னிக்கவும்' இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன். ஒரு குற்றமும் செய்யாத நீங்கள் ஒரு பக்கத்துக்குள் நான்கு முறை கேட்டுவிட்டீர்கள். உங்கள் டியூக் பதினாறு அத்தியாயம் அட்டூழியம் பண்ணிவிட்டு ஒரே ஒரு முறை கேட்க வருகிறார், அதற்கு உங்களுக்குத் தமிழ் வரவில்லை. நானும் போன மாதத்திலிருந்து வேறொரு காரணத்தால் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

சில்லறையை முதலில் தீர்த்துவிடுவோம். டியூக்கை டியூக் என்றே எழுதுங்கள். தாசில்தாரையும் கலெக்டரையும் விழுங்கிய மொழிக்கு டியூக் தொண்டையில் சிக்காது. விளிகளில் மட்டும் கவனம் வேண்டும். பிரபுக்களில் டியூக்குக்குத்தான் 'யுவர் கிரேஸ்'. அவருக்குக் கீழே நால்வரும் 'மை லார்ட்'. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், எப்போது அதை விட்டுவிட்டு வெறும் பெயர் சொல்கிறார்கள் என்பதில்தான் இந்தக் கதைகளின் பாதிக் காதல் இருக்கிறது. நம் 'நீங்கள்', 'நீ' மாறும் இடத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

ஜமீன் வேண்டவே வேண்டாம். லண்டன் சீசன் என்று சொல்லும் பிரபுக்களின் விருந்து மாதங்களில் ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில் கைகோத்து ஆடி, ஒருவரையொருவர் நன்றாக வெறுத்துக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கிறது. கிங் தெருவில் ஆல்மாக்ஸ் என்று ஒரு நடனக்கூடம். உள்ளே போகச் சீட்டு யாருக்கு என்பதை விரல்விட்டு எண்ணக்கூடிய சில சீமாட்டிகள் முடிவு செய்தார்கள். அதைக் கொண்டுபோய் நம் ஜமீன் அரண்மனையில் எந்தக் கட்டுக்குள் வைப்பீர்கள்? நெட்ஃபிளிக்ஸின் 'பிரிட்ஜர்டன்' தொடரில் 2022-ல் வந்த இந்தியக் கதாநாயகி தகப்பனை 'அப்பா' என்றதும் நம்மவர்கள் குளிர்ந்துபோனார்கள். அதே வீட்டில் தங்கை அவளை, அக்கா என்பதற்கு இந்தியில் சொல்கிற 'தீதி' என்கிறாள். ஊரை மாற்றுகிறவர்கள் கதி அப்படித்தான் ஆகும்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன், வங்கிக்காரர் என்பதால். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குச் சித்தம் கலங்கி, மகன் அவர் பெயரால் ஆண்ட காலம்தான் ரீஜென்சி. 1811 முதல் 1820 வரை, ஒன்பதே வருடம். அரச குடும்பத்தை விட்டுவிட்டால் பிரிட்டனில் அப்போது டியூக்குகள் முப்பது பேரைச் சுற்றித்தான். அதில் இளைஞராக, அழகராக, கல்யாணமாகாதவராக, பல் எல்லாம் இருப்பவராக எத்தனை பேர் தேறுவார்கள்? நாவல்களில் தெருவுக்கு மூன்று பேர் குதிரையிலிருந்து இறங்குகிறார்கள்.

தோழி சொன்ன அடிமை விஷயம் உண்மை. 1833-ல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் வந்தபோது இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கினார்கள். அடிமைகளுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்தவர்களுக்கு. தெரிந்துகொண்டே படியுங்கள்.

ஆனால் கெட்டவனைக் காதல் திருத்திவிடும் என்று இந்த நாவல்கள் பெண்களை ஏமாற்றுவதாகச் சொல்கிறாரே, அங்கே எனக்குக் கோபம் வருகிறது. இங்கிலாந்தின் அசல் கெட்ட பிரபு கவிஞர் பைரன். அவரைக் கட்டிக்கொண்ட அனபெல்லா மில்பாங்க் கணக்கில் நாட்டமுள்ள, கண்டிப்பான பெண். முதல் முறை கேட்டபோது மறுத்தாள். இரண்டாம் முறை, திருத்திவிடலாம் என்ற நம்பிக்கையில் சம்மதித்தாள். 1815 ஜனவரி 2-ல் திருமணம். டிசம்பரில் அடா பிறந்தாள், பிற்பாடு கணினி வரலாற்றில் பெயர் வந்த அதே அடா. அடுத்த ஜனவரியில் ஐந்து வாரக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அனபெல்லா விடியற்காலையில் வீட்டைவிட்டுப் போனாள். பைரன் அதற்கு என்ன செய்தார்? உருக்கமாக ஒரு பிரிவுக் கவிதை எழுதினார். அது பத்திரிகையில் வந்து ஊரே படித்தது. ஏப்ரலில் கப்பலேறியவர் உயிரோடு ஊர் திரும்பவில்லை.

இது எந்த வாசகிக்கும் தெரியாததல்ல. பைரனைத் தெரியாவிட்டாலும் பக்கத்து வீட்டைத் தெரியும். ரயிலில் நாவல் படிக்கிற பெண் அதை நம்பித்தான் மாப்பிள்ளை தேடுகிறாள் என்று நினைப்பவர்கள், துப்பறியும் கதை படிக்கும் ஆண்களைப் பற்றி மட்டும் ஏன் பயப்படுவதில்லை?

அந்தக் காலத்துச் சட்டத்தைப் பாருங்கள். திருமணமானதும் கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் ஒரே ஆள் என்று சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் 1765-ல் எழுதிவைத்தார். அந்த ஒரு ஆள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதித் தனியாகப் பாதுகாத்தால் ஒழிய, அவள் கையில் வைத்திருந்த பணமும் நகையும் அவனுடையவை. 1870-லும் 1882-லும் வந்த சட்டங்கள்தான் அதை மாற்றின. விவாகரத்துக்கு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் போட வேண்டும். 1857 வரை அப்படிப் பெற்ற பெண்கள் நான்கே பேர். பிள்ளைகள் தகப்பனுடையவர்கள். எழுத்தாளர் கரோலின் நார்ட்டனின் மூன்று மகன்களையும் 1836-ல் கணவன் கொண்டுபோய்விட்டான். அவள் எழுதி எழுதிப் போராடியபிறகு 1839-ல்தான், ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் விடும்படித் தாய் நீதிமன்றத்தில் கேட்கவாவது வழி பிறந்தது.

இப்போது சொல்லுங்கள், உங்கள் நாவலில் நடக்கவே முடியாத விஷயம் எது? டியூக் ஏழைப் பெண்ணைக் கட்டுவது இல்லை. அது அபூர்வமாக நடந்திருக்கிறது. மன்னிப்பே கேட்கத் தேவையில்லாத ஒருவன் வந்து கேட்கிறானே, அதுதான். கதாநாயகனை எழுத்தர் ஆக்காமல் டியூக் ஆக்குவது அதற்காகத்தான் என்பது என் கட்சி. எழுத்தரை மன்னிப்புக் கேட்கவைக்க மேலதிகாரி போதும். டியூக்கைக் கேட்கவைக்க ஒருவரும் இல்லை. அவனாகக் கேட்டால்தான் உண்டு.

இதை எனக்குச் சொல்லித் தந்தது சித்தி. எண்பதுகளின் தொடக்கத்தில் கல்லூரிப் படிப்புக்காக மூன்று வருடம் திருச்சியில் அவள் வீட்டில் இருந்தேன். சித்தி எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். தெருமுனையில் ஒரு வாடகை நூலகம், புத்தகத்துக்கு நாளைக்கு இருபது காசு. இதே ரீஜென்சிக் காதல் கதைகள் எழுதிய ஜார்ஜெட் ஹேயரின் நாவல்களை அங்கிருந்து எடுத்துவந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மத்தியானம் பாத்திரம் கவிழ்த்தபிறகு படிப்பாள். கோடு போட்ட நோட்டு ஒன்றில் சொற்களுக்கு அர்த்தம் எழுதுவாள். பெண்பித்துப் பிடித்த ஊதாரியைக் குறிக்கும் 'ரேக்' என்ற சொல்லுக்கு அகராதி 'சருகு வாரும் கருவி' என்று சொன்னதை அப்படியே எழுதிவைத்து, இந்த லார்டை ஏன் எல்லாரும் இப்படித் திட்டுகிறார்கள் என்று என்னிடம் கேட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஹேயரே அந்தக் காலத்து உடை, வசைச்சொல், விலைவாசி எல்லாவற்றையும் நோட்டுகளில் குறித்துவைத்தவர் என்பதைப் பல வருடம் கழித்துப் படித்தேன். நோயாளித் தம்பிக்குப் பொழுதுபோகச் சொன்ன கதைதான் 1921-ல் அவருடைய முதல் நாவலானது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. புரட்சி வாரக் கடைசியில் வந்துவிடும் என்று நம்பியவன். "பிரபுக்களோட குப்பைய ஏன் சித்தி காசு குடுத்துப் படிக்கறீங்க?" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டேன். சித்தி புத்தகத்தை மூடவில்லை. திருப்பித் திருப்பி அதே மூன்று பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். "இந்த எடத்துல அவன் கேக்கறான்டா" என்றாள்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் சித்தப்பா அவளுடைய இரண்டு வளையல்களை அவளிடம் சொல்லாமல் விற்றுத் தம்பிக்கு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். நம் சட்டப்படி அது ஸ்திரீதனம், அவளுடையது. அந்த விஷயத்தில் டியூக்கின் மனைவி டச்சஸைவிடச் சித்தி மேல். ஆனால் சட்டத்தை எடுத்துக்கொண்டு எந்தச் சித்தி கோர்ட்டுக்குப் போனாள்? ஒரு வாரம் வீட்டில் பேச்சில்லை. சனிக்கிழமை சாயங்காலம் சித்தப்பா பத்திரிகைத் தாளில் பொட்டலமாக அரைக் கிலோ பச்சைத் திராட்சை வாங்கி வந்தார். சித்தி கழுவித் தட்டில் வைத்தாள். ஒன்றை வாயில் போட்டதும் அவர் கேட்டார்: "புளிக்குதா?" அவ்வளவுதான். விஷயம் முடிந்துவிட்டது.

எல்லா வீட்டிலும் ஒரு திராட்சை உண்டு. சில வீட்டில் மல்லிகை, சில வீட்டில் அல்வா, ஒன்றுமில்லாத வீட்டில் "காபி இருக்கா?". இதற்கு நம்மிடம் இரண்டாயிரம் வருட மரபு இருக்கிறது. மருதத் திணையைப் படித்துப் பாருங்கள், உங்கள் ரீஜென்சி டியூக்கெல்லாம் அங்கே குட்டிப் பையன்கள். பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் ஊரன் தானே வந்து கேட்கிறானா? பாணனைத் தூது விடுகிறான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதன் சாக்கில் உள்ளே நுழைகிறான். சித்தப்பாவின் பாணன் அரைக் கிலோ எடை இருந்தான். ஊடலைத் தணிப்பதற்கு நம் பழைய சொல் 'உணர்த்துதல்'. அவளுக்கு உணர்த்துவது. அவனுக்கு உறைத்ததா என்பதற்கு அதில் இடமே இல்லை. இத்தனைக்கும் 'மனைவி உயர்வும் கிழவோன் பணிவும்' புலவியில் உரியவை என்று தொல்காப்பியமே அனுமதிச் சீட்டு கொடுத்திருக்கிறது.

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் வரும் டார்சிக்குப் பட்டம் இல்லை, வருடத்துக்குப் பத்தாயிரம் பவுண்டு வருமானமும் ஏர்லின் பேரன் என்ற திமிரும் உண்டு. கென்ட்டில் ஒரு பாதிரியார் வீட்டில் வைத்து, கதாநாயகி எலிசபெத்திடம், உன் குடும்பம் மட்டமானது, இருந்தும் உன்னைக் காதலிக்கிறேன் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறான். பிறகு அவனும் திராட்சை வாங்குகிறான். எலிசபெத்தின் தங்கை ஓடிப்போனபோது ரகசியமாகப் பணம் கொடுத்துக் கல்யாணத்தை முடித்துவைக்கிறான், அவளுக்குத் தெரியக்கூடாது என்கிறான். ஆனால் 1813-ல் வந்த அந்தப் புத்தகம் அங்கே நிற்கவில்லை. கடைசியில் அவன் வாயைத் திறந்து, சின்ன வயதிலிருந்து தன்னலக்காரனாக வளர்ந்தேன், நீதான் என்னைத் தலைகுனிய வைத்தாய் என்று அவளிடமே சொல்கிறான். பொட்டலமும் உண்டு, பேச்சும் உண்டு.

ஆகவே உங்கள் பதினேழாம் அத்தியாயம். 'என்னை மன்னித்துவிடு' என்று எழுதினால் மேடையில் யாரோ மார்பைப் பிடித்துக்கொண்டு விழுவதுபோல் இருக்கும். 'மன்னிச்சிடு' சினிமாவில் சாகப்போகிறவன் சொல்வது. 'ஸாரி' பேருந்தில் காலை மிதித்தவன் சொல்வது. 'பொறுத்தருள்க' கடவுளுக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது 'தப்புதான்'. 'நான் செஞ்சது தப்புதான்' என்று போட்டுப் பாருங்கள். 'ஆனா' என்று தொடராமல் அங்கேயே நிறுத்துங்கள். மூலத்தில் டியூக் அரைப் பக்கம் பேசினாலும் சரி, அந்த வாக்கியத்துக்குப் பிறகு அவரைக் கொஞ்சம் திணறவிடுங்கள். நம் ஆண்களுக்கு இதில் பழக்கமில்லாததால் திணறலே பொருத்தமான மொழிபெயர்ப்பு.

'எனக்காக மட்டும்' என்கிறீர்களே, அதுவும் இன்னொரு மன்னிக்கவும்தான். ஆறு மாத உழைப்பை ஒளித்துவைக்க என்ன களவா செய்தீர்கள்? அந்த அத்தியாயத்தை முடித்து எனக்கு அனுப்புங்கள். சித்திக்கு எண்பது தாண்டிவிட்டது. கண்புரை அறுவைக்குப் பிறகும் சின்ன எழுத்து தெரிவதில்லை. தமிழில் இருந்தால் யாராவது படித்துக் காட்டலாம்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அந்தப் பழைய நோட்டு அலமாரியில் இருந்தது. 'பெக் பார்டன்' என்பதற்கு நேரே 'பிச்சை' என்று எழுதி அடித்துவிட்டு, 'தாழ்ந்து கேட்டல்' என்று எழுதியிருந்தாள். நாற்பது வருடத்துக்கு முன்னால் கூடத்தில் நான் குப்பை என்று சொன்னது ஞாபகமிருக்கிறதா என்று கேட்கத்தான் போனேன். வழியில் ஒரு கிலோ திராட்சை வாங்கியிருந்தேன், விதையில்லாதது. கழுவிக் கொடுத்தேன். ஒன்றை எடுத்து மெதுவாக மென்றாள்.

"புளிக்குதா சித்தி?" என்று கேட்டேன்.

அன்புடன்.