குழந்தைக்காகக் காத்திருக்கும் ஆண்களுக்கு: கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெண்கள் எழுதியவை. பிரச்சினை கணவருடையது, எழுதும் கை மனைவியுடையது, அல்லது தாயுடையது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் காரணமாக இருக்கிறது. ஆனாலும் அந்த ஆண் மருத்துவரான என் அறைக்கு வந்து சேர்வதற்குள், மனைவி இரண்டு மூன்று வருடம் ஊசியும் மாத்திரையும் ஸ்கேனுமாக அலைந்து ஓய்ந்திருப்பார். ஒவ்வொரு முறையும் எனக்கு அது வருத்தம்தான்.

திருமணமாகி நான்கு ஆண்டுகள். எனக்குக் குறை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கணவரைப் பரிசோதனைக்கு அழைத்தால், "எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்கிறார். மாமியாரும் அதையே சொல்கிறார். — வாசகி, திண்டுக்கல்

உங்கள் கணவர் நன்றாகத்தான் இருப்பார், அம்மா. தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லாத ஆணுக்கும் விந்தணு இல்லாமல் போகலாம். ஆண் ஹார்மோனைச் சுரப்பது விரையில் உள்ள ஒரு வகைச் செல். விந்தணு உருவாவது வேறிடத்தில், அதே விரைக்குள் இருக்கும் நுண்குழல்களில். ஒன்று பழுதுபட்டாலும் மற்றது இயங்கிக்கொண்டிருக்கும். இதை அவருக்குப் புரியவைத்தால் பாதித் தயக்கம் போய்விடும். அவருடைய ஆண்மையை யாரும் இங்கே சோதிக்கவில்லை.

விந்துப் பரிசோதனையில் வலி கிடையாது, செலவும் குறைவு. அதற்கு முன் 2 முதல் 7 நாள் உறவைத் தவிர்க்க வேண்டும். ஆய்வகத்தில் கூச்சமாக இருந்தால் வீட்டிலேயே அவர்கள் தரும் குப்பியில் சேகரித்து, உடல் சூட்டோடு ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடலாம். முதலில் வெளிவரும் பகுதியில்தான் விந்தணுக்கள் அதிகம். அது சிந்திப்போனால் மறைக்காமல் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி, மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள், அவற்றில் 42 சதவீதம் அசைவு என்பவை கீழ் வரம்பு. அதற்குக் கீழே போனால் குழந்தை பிறக்காது என்று பொருளில்லை, மேலே இருந்தால் பிறந்தே தீரும் என்றும் இல்லை. ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாள் ஆகும் என்பதால், இரண்டு மாதத்துக்கு முன் வந்த கடும் காய்ச்சலின் பாதிப்பு இன்றைய அறிக்கையில் தெரியலாம். எனவே குறை தெரிந்தால் இடைவெளி விட்டு மீண்டும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

எனக்கு இரண்டு முறை 'நில்' (விந்தணுவே இல்லை) என்று அறிக்கை வந்தது. தானமாகப் பெற்ற விந்துதான் வழி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். — வாசகர், திருநெல்வேலி

அவசரப்பட்டுச் சொல்லியிருக்கிறார்கள். விந்தில் விந்தணு இல்லை என்றால், உற்பத்தி நடந்தும் வெளியே வரும் வழி அடைபட்டிருக்கலாம். அல்லது உற்பத்தியே குறைந்திருக்கலாம். எது என்று தெரியாமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அனுபவமுள்ள மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தே பாதியைச் சொல்லிவிடுவார். விரையின் அளவு இயல்பாக இருந்து, விந்தணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோனும் இயல்பாக இருந்தால் பெரும்பாலும் அடைப்பு. விரை சிறுத்து, எஃப்எஸ்ஹெச் உயர்ந்திருந்தால் உற்பத்திக் கோளாறு.

அடைப்பு பழைய தொற்றாலோ காசநோயாலோ வந்திருக்கலாம். சிறுவயதில் செய்த குடலிறக்க அறுவையில் விந்து நாளம் சேதமடைந்திருக்கலாம். சிலருக்குப் பிறப்பிலேயே அந்த நாளம் இருக்காது. அவர்களும் மனைவியும், இந்தக் குறைக்குப் பெரும்பாலும் காரணமான சிஎஃப்டிஆர் என்ற மரபணுவுக்கான பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அடைப்பைச் சில இடங்களில் நுண்ணோக்கி வைத்துத் தைத்துச் சரிசெய்யலாம். முடியாவிட்டால் விரையிலிருந்தோ விரைமேல் குழலிலிருந்தோ ஊசியால் விந்தணுவை எடுத்து, 'இக்சி' முறையில் ஒரு கருமுட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவைச் செலுத்துவார்கள். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் 1992-இல் அறிவிக்கப்பட்ட அந்த முறை வந்த பிறகுதான் உங்களைப் போன்ற பலர் சொந்தக் குழந்தைக்குத் தந்தையாக முடிந்தது.

உற்பத்திக் கோளாறு என்றாலும் கதவு மூடிவிடவில்லை. முதலில் குரோமோசோம் பரிசோதனையும், ஒய் குரோமோசோமில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்ற பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். விந்தணு உற்பத்திக்கான பகுதிகளை அதில் ஏ, பி, சி என்று பிரித்திருக்கிறார்கள். 'ஏ' அல்லது 'பி' பகுதி முழுவதும் விடுபட்டிருந்தால் அறுவை செய்தும் பயனில்லை, வீண் செலவு. 'சி' பகுதி என்றால் வாய்ப்பு உண்டு, ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும். மற்றவர்களுக்கு 'மைக்ரோ-டீசே' இருக்கிறது: விரையைத் திறந்து, நுண்ணோக்கியின் கீழ் பருத்த குழல்களைத் தேடி, அங்கிருந்து விந்தணுவை எடுப்பது. ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிடைக்கிறது. மறுபாதிக்குக் கிடைப்பதில்லை என்பதையும் அறுவைக்கு முன்பே மனம் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு சிறு கூட்டம் உண்டு. மூளையடிச் சுரப்பி கட்டளை அனுப்பாததால் விரை வேலை செய்யாமல் கிடக்கும். அந்தக் கட்டளையைக் கொண்டுவரும் எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் ஹார்மோன்கள் இரண்டும் தாழ்ந்திருக்கும். எல்ஹெச்சின் வேலையைச் செய்யும் ஹெச்சிஜி ஊசியும் எஃப்எஸ்ஹெச் ஊசியுமாக ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை தொடர்ந்தால், இவர்களில் பலருக்கு விந்தணு வந்துவிடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரியக்கூடிய இதைத் தவறவிடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

எல்லாம் பார்த்த பிறகும் தானம்தான் வழி என்றால், அது உங்கள் இருவரின் எழுத்துபூர்வச் சம்மதத்தோடு, பதிவுபெற்ற வங்கி மூலம் நடக்க வேண்டும். இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி அப்படிப் பிறக்கும் குழந்தை உங்கள் குழந்தையே.

உடற்பயிற்சிக் கூடத்தில் சொன்னதால் ஓராண்டாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறேன். ஆண் ஹார்மோன் கூடினால் விந்தணுவும் கூடும்தானே? — வாசகர், கோயம்புத்தூர்

குறையும், தம்பி. முழுதாக நின்றும் போகலாம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை, "போதும், இனி சுரக்க வேண்டாம்" என்று விரைக்குச் செல்லும் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு உருவாக, ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் விரைக்குள்ளேயே சுரக்க வேண்டும். ஊசியால் அதை ஈடுகட்ட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 1990-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்தார்கள், அது வேலையும் செய்தது. நீங்கள் காசு கொடுத்துக் கருத்தடை செய்துகொண்டிருக்கிறீர்கள்.

மருத்துவரைப் பார்த்து நிறுத்துங்கள். சில மாதம் சோர்வும் மனத்தளர்ச்சியும் வரும், அதற்கும் உதவி தேவை. பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் விந்தணு திரும்புகிறது. தாமதமானால் ஹெச்சிஜி ஊசி தருவோம்.

கணவருக்கு வேரிகோசீல் இருக்கிறதாம். அறுவை செய்யலாமா, நேராகச் சோதனைக் குழாய் முறைக்குப் போகலாமா? — வாசகி, யாழ்ப்பாணம்

வேரிகோசீல், அதாவது விதைப்பையில் ரத்தநாள வீக்கம், நூற்றில் 15 ஆண்களுக்கு இருக்கிறது. பலருக்குக் குழந்தையும் இருக்கிறது. ஸ்கேனில் மட்டும் தெரிகிற வீக்கத்துக்குக் கத்தி வைக்க வேண்டாம். கைக்குத் தட்டுப்பட்டு, விந்தணுவும் குறைந்திருந்தால் நுண்ணோக்கி அறுவை நல்ல பலன் தரும். ஆனால் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை. முப்பதுக்குள் என்றால் அறுவைக்குக் காத்திருக்கலாம். முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்றால் அந்த மாதங்கள் உங்கள் கருமுட்டைக்கு விலை உயர்ந்தவை. சோதனைக் குழாய் முறையைத் தள்ளிப்போடாதீர்கள்.

துத்தநாகம், ஃபோலிக் அமிலம் கலந்த மாத்திரைகள் மாதம் இரண்டாயிரம் ரூபாய் ஆகிறது. தொடரலாமா? — வாசகர், சேலம்

அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தம்பதிகளிடம் இதைச் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். குழந்தை பிறப்பு கூடவில்லை. புகையிலையை விட்டு, எடையைக் குறைத்தால் அந்தப் பணமும் மிச்சம்.

என் மகனுக்கு 22 வயது. விரையில் புற்றுநோய்; அடுத்த வாரம் கீமோ தொடங்குகிறார்கள். பின்னாளில் குழந்தை பிறக்காது என்று உறவினர் ஒருவர் சொன்னார். அவனிடம் எப்படிப் பேசுவது? — ஒரு தாய், மதுரை

நீங்கள் பேச வேண்டாம், அம்மா. மருத்துவரிடம் தனியாகச் சொல்லி, அவனோடு பேச வையுங்கள்; அந்த நேரத்தில் நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள். தாய் முன்னால் எந்த இளைஞனும் வாய் திறக்க மாட்டான். கீமோவுக்குப் பிறகு பலருக்கு உற்பத்தி திரும்புகிறது, சிலருக்குத் திரும்புவதில்லை. யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. அதனால் கீமோவின் முதல் மருந்து ஏறும் முன் விந்தணுவை உறைய வைத்துவிட வேண்டும். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் அது பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். ஒரே ஒரு மாதிரி கிடைத்தாலும் இக்சிக்குப் போதும். இதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடத் தேவையில்லை. ஓரிரு நாள் வேலைதான். நாளைக் காலையிலேயே புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள்.