வகுப்பில் வாயே திறக்காத 6, 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளை எப்படிப் பேசப் பழக்குவது?

கிருஷ்ணகிரி பக்கம் நடுநிலைப் பள்ளி, வகுப்பில் 40 பேர், வாரத்துக்கு ஒரு பீரியட், எதைக் கேட்டாலும் அதே நாலு பேர்தான் கை தூக்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் பேச்சுப் போட்டியை இதிலிருந்து தள்ளி வையுங்கள். மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பிள்ளைக்கு எதிராளி சொல்வதைக் காதில் வாங்க வேண்டிய தேவையே வராது. இந்த வயதில் பழக்க வேண்டியதே அதுதான்.

ஒவ்வொருவராக எழுப்பினால் ஆளுக்கு ஒரு நிமிடம் தேறும். ஜோடி போட்டால் ஒரே நேரத்தில் 20 பேர் பேசுவார்கள். சத்தம் வரத்தான் செய்யும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வராந்தாவுக்கோ மரத்தடிக்கோ போய்விடுங்கள்.

தொடங்குவதற்கு நல்லது முதுகோடு முதுகு படம். ஒருவர் கையில் வீடு, கிணறு, மரம், மாடு, பாதை என ஐந்தே பொருள் உள்ள படம். மற்றவர் கையில் வெற்றுத்தாள். பார்க்காமல், சைகை காட்டாமல் சொல்ல வேண்டும், கேட்டு வரைய வேண்டும். நாலு நிமிடம் போதும். முதல் சுற்றில் வரைபவர் கேள்வி கேட்கக் கூடாது. “அங்க ஒரு மரம்” என்பார்கள். மரம் எங்கேயோ முளைத்திருக்கும். படத்தை மாற்றி, கேள்வி கேட்கலாம் என்று இரண்டாம் சுற்று விடுங்கள். “கிணத்துக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா?” என்று தானாக வரும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எந்தச் சொல் குறைந்தது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். பொருள் ஏழு, எட்டு என்று கூடினால் பாதியில் விட்டுவிடுவார்கள்.

இரண்டு மூன்று வாரம் கழித்துப் பேட்டிக்குப் போகலாம். வீட்டுப் பெரியவரிடம் மூன்று கேள்வி. ஆமாம், இல்லை என்று முடிகிற கேள்வி கூடாது. இரண்டாவது கேள்வி முதல் பதிலிலிருந்தே பிறக்க வேண்டும். இந்த இரண்டாவது விதிதான் உயிர். “தாத்தா, நம்ம தோப்பு மாங்காயெல்லாம் எங்க போவுது?” “பெங்களூராவெல்லாம் கூழ் பேக்டரிக்குப் போயிடும்.” (பெங்களூரா ஒரு மாங்காய் வகை.) பட்டியலோடு போன பிள்ளை அடுத்து “உங்களுக்குப் பிடிச்ச பழம் எது?” என்று தாவிவிடும். பதிலைக் கேட்ட பிள்ளை, “ஏன் பெங்களூரா மட்டும் அங்க போவுது?” என்று கேட்கும். அதனால் மூன்று கேள்வியையும் எழுதிக்கொடுத்து அனுப்பாதீர்கள். முதல் கேள்வி மட்டும் போதும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. அவர்கள் மௌனத்தைக் கூச்சம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பலருக்கு விஷயம் தெரியும், தமிழில் சொல்தான் வராது. அதே மொழி தெரிந்த துணையோடு முதல் இரண்டு நிமிடம் வீட்டு மொழியிலேயே பேசவிட்டு, பிறகு வகுப்புக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பேட்டியும் வீட்டு மொழியில் நடக்கட்டும்.

பேசிக்கொண்டிருக்கும்போது திருத்த வேண்டாம், வட்டார வழக்கை அறவே வேண்டாம். பொருள் குழம்புகிற பிழை இரண்டை மட்டும் குறித்துக்கொண்டு, கடைசியில் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதினால் போதும்.

அந்த நாலு கைகளுக்கு வருவோம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்காவில் மேரி பட் ரோ 1970-களில் ஆய்ந்து எழுதினார். மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். கேள்வி கேட்டதும் மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள். அதுவரை எந்தக் கையையும் பார்க்காதீர்கள். ஒருவர் பதில் சொன்னதும் “சரி” என்று முடிக்காமல், இன்னொரு பிள்ளையிடம் “இப்ப இவ என்ன சொன்னா?” என்று கேளுங்கள். மதிப்பெண் போட வேண்டாம். பெயர்ப் பட்டியலில் யார் கேள்வி கேட்டார்கள், யார் அடுத்தவர் சொன்னதைச் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள் என்று மட்டும் டிக் போடுங்கள். மாதக் கடைசியில் டிக் விழாத பெயர்களை, அடுத்த மாதம் பொறுமையாகக் கேட்கிற துணையோடு ஜோடி சேருங்கள்.