ஈரக் குப்பையை வேறாக்குங்கள்: வாசகர் கேள்வி பதில்

வீட்டுக் குப்பையைக் குறைப்பது பற்றிக் கொழும்பிலும் அயலிலும் உள்ள வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, வீட்டிலேயே நெடுங்காலமாகக் கூட்டெரு தயாரித்து வரும் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை பதிலளிக்கிறார்.

கேள்வி (வெள்ளவத்தை வாசகி): ரீச்சர், நாங்கள் தொடர்மாடியின் நான்காம் மாடியில் இருக்கிறோம். ஒரு பிடி மண்கூட இல்லை. எங்களால் குப்பையைக் குறைக்க முடியுமா?

பதில்: முடியும். உங்கள் குப்பைக்கூடையை ஒருநாள் பழைய பத்திரிகையின்மீது கொட்டிப் பாருங்கள். மரக்கறித் தோல், கீரைத்தண்டு, தேயிலைச் சக்கை, பால் பிழிந்த தேங்காய்ப்பூ, மிச்சச் சோறு ஆகியவையே பாதிக்கு மேல் இருக்கும். நாட்டின் நகரக் குப்பை முழுவதிலும் நிலைமை இதுதான். இந்த ஈரப் பொருட்களைப் பொலித்தீன் பையில் போட்டு இறுக முடிச்சிடும் பழக்கமே எல்லாக் கெடுதலுக்கும் தொடக்கம். காற்றுப் படாத ஈரம் நல்லபடி உக்காமல் அழுகுகிறது. துர்நாற்றமும் மீதேன் வாயுவும் அதிலிருந்தே பிறக்கின்றன.

இந்த ஈரக் கழிவை வீட்டிலேயே கூட்டெருவாக்க, மூடியுள்ள 20 லீற்றர் பெயின்ற் வாளிகள் இரண்டை எடுத்து நன்றாகக் கழுவி, பக்கங்களிலும் அடியிலும் பென்சில் பருமனில் துளைகள் இட்டு, கீழே ஒரு தட்டு வைத்துப் பல்கனியின் நிழலான மூலையில் வையுங்கள். அடியில் நான்கு விரல் உயரத்துக்குத் தும்புத்தூளோ காய்ந்த இலையோ போட்டு, அன்றாடச் சமையற் கழிவைச் சிறிதாக நறுக்கி இட்டு, ஒவ்வொரு முறையும் அதன்மேல் ஏறத்தாழ அதே அளவு உலர்ந்த பொருளால் மூடுங்கள். வாரத்துக்கு இரு தடவை கிளறினாற் போதும். ஈரம் சரியா என்று அறிய ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஓரிரு துளி கசிந்தால் சரி. ஒழுகினால் தும்புத்தூள் போதவில்லை. பிடி உதிர்ந்து போனால் சிறிது தண்ணீர் தெளியுங்கள். முதல் வாளி நிரம்பியதும் அதை அப்படியே உக்கவிட்டு இரண்டாவதைத் தொடங்குங்கள். இரண்டு மூன்று மாதங்களில் முதல் வாளியில் இருப்பது கறுத்து, மழை பெய்த மண்ணைப் போல மணக்கும்.

கேள்வி (பம்பலப்பிட்டி வாசகர்): மீன் கழிவையும் இதே வாளியில் போடலாமா?

பதில்: வேண்டாம். பெரிய குவியல் 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறுவதால் கிருமிகள் அழிகின்றன. சிறிய வாளிக்குள் அந்தச் சூடு எழுவதில்லை. மீன் செதில், தலை, இறைச்சி எலும்பு ஆகியவற்றைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் வைத்திருந்து, குப்பை லொறி வரும் காலையில் உக்கும் குப்பையோடு கொடுங்கள். நாய், பூனை கழிவும் வாளிக்குள் போகக் கூடாது.

கேள்வி (தெஹிவளை வாசகி): எங்கள் வீதிக்கு உக்கும் குப்பை எடுக்க எந்த நாளில் வருவார்கள்?

பதில்: நீங்கள் இருப்பது தெஹிவளை–கல்கிசை மாநகர சபையின் எல்லைக்குள். அங்கே கேளுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்): நாங்கள் உக்கும் குப்பையைப் பச்சைக் கூடையிலும், தாளை நீலக் கூடையிலும், பிளாஸ்டிக்கைச் செம்மஞ்சள் கூடையிலும் பிரித்து வைக்கிறோம். லொறியில் எல்லாவற்றையும் ஒன்றாகவே கொட்டுவதைக் கண்ணால் கண்டோம். பிறகு எதற்கு இந்தப் பாடு?

கேள்வி (நாரஹேன்பிட்டி வாசகர்): நண்பர் சொல்வது சரி. கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்களே, அங்கே எல்லாம் எரிந்துவிடும்தானே?

பதில்: இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்த மனநிலைதான் என்னை மிகவும் கவலைகொள்ள வைக்கிறது. கெரவலப்பிட்டி நிலையம் 2021இல் இயங்கத் தொடங்கியது. அதன் ஆற்றல் 10 மெகாவாட். ஆனால் சமையற் கழிவின் பெரும்பகுதி தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ 2.5 மெகாஜூல் வெப்பம் வேண்டும். நாம் முடிச்சிட்டு அனுப்பும் ஈரப்பை உலைக்குள் போய் மின்சாரம் தருவதற்கு முன், அங்கிருக்கும் வெப்பத்தையே குடித்துவிடும்.

லொறியில் கலப்பது தவறுதான். அதைத் திகதியோடும் நேரத்தோடும் எழுத்தில் முறையிடுங்கள். ஆனால் ஈரக் கழிவு வீட்டிலேயே கூட்டெருவாகிவிட்டால், லொறியில் கலப்பதற்கு அது இருக்கவே இருக்காது. எஞ்சும் உலர்ந்த தாள், போத்தல், தகரம் ஆகியவை நாறாமல் மாதக்கணக்கில் இருக்கும். பழைய போத்தல், பேப்பர் வாங்க வருபவர் அவற்றைக் காசு கொடுத்தே எடுத்துச் செல்வார்.

கேள்வி (மருதானையில் தொழில் செய்யும் புத்தளம் வாசகர்): கொழும்பின் குப்பையை ரயிலில் ஏற்றி எங்கள் மாவட்டத்து அருவாக்காலுக்கு அனுப்பும் திட்டத்தை எதிர்த்து நாங்கள் வீதியில் நின்றோம். உங்கள் குப்பைக்கு நாங்கள் ஏன் இடம் கொடுக்க வேண்டும்?

பதில்: கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கொழும்புக் குப்பையைப் புளூமெண்டல் குப்பைமேட்டின் அயலவர்கள் முன்பு தாங்கினார்கள். அதன்பின் மீதொட்டமுல்லைக் குப்பைமேட்டின் அயலவர்கள் தாங்கினார்கள். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், அந்த மேடு சரிந்து வீடுகளைப் புதைத்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நீர் ஊறிப் பாரமேறிய குவியல் அது. அந்த ஈரத்தில் ஒரு பங்கு எங்கள் குசினிகளிலிருந்து போனதே.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர், மீண்டும்): அப்படியானால் பழி முழுவதும் வீட்டுக்காரர்மீதா? ஹோட்டல்கள், சந்தைகள் கொட்டுவதை யார் கேட்பது?

பதில்: பழி முழுவதும் வீட்டுக்காரர்மீது என்று நான் கூறவில்லை, ஹோட்டல்காரரையும் சந்தைக்காரரையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் திருந்தும்வரை காத்திருப்பேன் என்று நாம் நம் பையை முடிச்சிட்டால், நாளைக் காலையில் லொறியில் ஏறுவது நம்முடைய பைதான். இந்த விவாதத்தில் மற்றவர்களின் கேள்விகள் பின்தங்கிவிட்டன, அவற்றுக்கு வருகிறேன்.

கேள்வி (மட்டக்குளி வாசகி): வாளியில் நாற்றம் வருகிறது.

பதில்: ஈரம் கூடிவிட்டது. தும்புத்தூள் சேர்த்துக் கிளறுங்கள்.

கேள்வி (கிருலப்பனை வாசகர்): வாளிக்குள் புழு வந்துவிட்டது, நாறுகிறது. என்ன செய்வது?

பதில்: மேலேயுள்ள பதிலேதான். கழிவு வெளியே தெரியாதபடி மூடினால் ஈ முட்டையிடாது. நாற்றம், புழு பற்றி வந்த ஏனைய கேள்விகளுக்கும் இதுவே பதில், தனித்தனியாக எழுதவில்லை.

கேள்வி (வெள்ளவத்தை வாசகர்): சோற்றுப் பார்சல் சுற்றிவரும் உக்கும் தாளை வாளியில் போடலாமா?

பதில்: பொலித்தீன் லன்ச் சீற் 2017 செப்டெம்பரில் தடைசெய்யப்பட்டபின் வந்த மாற்றுத் தாள்களில் பல, தொழிற்சாலையளவு சூட்டிலேயே உக்கும், உங்கள் வாளியில் அப்படியே கிடக்கும். வாழையிலை என்றால் நறுக்கிப் போடுங்கள். கடைக்குச் சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுபோவது இரண்டையும்விட நல்லது.

கேள்வி (மட்டக்குளி வாசகர்): சிரட்டை உக்குமா?

பதில்: வருடக்கணக்கில் எடுக்கும். வெளியே மல்லாந்து கிடக்க மட்டும் விடாதீர்கள். தேங்கும் மழைநீரில் டெங்கு நுளம்பு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். யோகட் கோப்பைக்கும் இதுவே.

கேள்வி (தெமட்டகொடை வாசகி): ஷொப்பிங் பைகளை முற்றத்தில் எரித்துவிடுகிறோம். சாம்பலைச் செடிக்குப் போடலாமா?

பதில்: எரிக்கவே கூடாது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது உங்கள் வீட்டுக் குழந்தை. சாம்பலைச் செடிக்குப் போடாதீர்கள். பைகளைக் கழுவி, காயவைத்து, செம்மஞ்சள் கூடையில் சேருங்கள். அடுத்த முறை சந்தைக்குத் துணிப்பை கொண்டுபோங்கள்.

கேள்வி (வெள்ளவத்தை வாசகி, மீண்டும்): வாளி தயாரானதும் கறிவேப்பிலைச் சாடிக்கு எவ்வளவு போடலாம்?

பதில்: மாதத்துக்கு இரண்டு பிடி, தண்டில் படாமல் சற்று விலக்கி. மீதியைக் கீழ்மாடியில் செடி வளர்ப்பவருக்குக் கொடுங்கள்.